தாளில் ஏழு மைல்

ஏப்ரல் 18, தூத்துக்குடி

இந்த நோட்டைக் கொடுத்தது பிலோமி அக்கா. "இந்த மனுசன் கப்பல்ல இருந்த காலம் பூரா ஒரு கடுதாசி ஒழுங்கா எழுதினதில்ல. நீயாவது தெனம் எழுதி வையி கபிரியேல். என்ன சாப்பிட்டாரு, மாத்திர போட்டாரா, காலப் பாத்துக்கிட்டாரா, எல்லாம் எழுது" என்றாள். அத்தானுக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை. ஆகவே இதில் நான் எழுதப்போவது பெரும்பாலும் அவருடைய மாத்திரையைப் பற்றித்தான்.

நாளை விடியும்போது புறப்படுகிறோம். அத்தான் வாங்கியிருக்கும் படகின் பெயர் 'வெள்ளாப்பு'. விடிகாலைக்கு எங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள். இருபத்தெட்டு அடி, ஃபைபர் உடம்பு, ஒரு பாய்மரம், ஒரு டீசல் எஞ்சின், உள்ளே இரண்டு படுக்கை. எஞ்சினிலும் ஓடும், பாயிலும் ஓடும். நான் வேலை பார்க்கும் படகுப் பட்டறையில் கட்டியது, இதை வரைந்தவன் நான். விளம்பரத் தாளை எழுதியவனும் நான்தான். எங்கள் பட்டறையில் தமிழில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் வேறு யாரும் இல்லை.

அந்தத் தாளை ரெமிஜியுஸ் அத்தான் லேமினேட் செய்து, சுக்கானுக்கு முன்னால் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். எஞ்சினில் மணிக்கு ஏழு கடல் மைல். பாயில் மட்டும் ஓடினாலும் காற்றை எதிர்த்து நாற்பத்தைந்து டிகிரியில் ஏறும். குடிநீர் இருநூறு லிட்டர். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறார். "எழுதுனது யாருங்கிய? எம் பொஞ்சாதி தம்பி!"

மேற்கே கடலுக்குள் இருக்கும் மினிக்காய்த் தீவு முந்நூற்று நாற்பது மைல். அங்கே பவளப்பாறை ஆராயும் குழு ஒன்று இந்தப் படகை ஆறு மாதத்துக்குக் கேட்டிருக்கிறது. இருபத்திரண்டாம் தேதிக்குள் போய் நிற்கவேண்டும். டீசல் இருநூற்று அறுபது லிட்டர். மணிக்கு நாலு லிட்டர், ஏழு மைல் என்று போட்டுப் பார்த்தால் இருநூறு போதும். "அறுவது லிட்டர் சும்மா கெடக்கும் மாப்ள" என்றார்.

மாலையில் தண்ணீர் கேன் இரண்டைத் துறையிலேயே இறக்கி வைத்துவிட்டார். "தொட்டியில எரநூறு இருக்கையில இது எதுக்கு, கால் வைக்க எடமில்லாம?" நான் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மாத்திரை போட்டார்.

ஏப்ரல் 19

ஆறு மணிக்குக் கிளம்பினோம். அக்கா துறையில் நின்று கையசைத்தாள். அழமாட்டேன் என்று சொல்லிவிட்டு அழுதாள்.

மணப்பாடு தாண்டும்போது அத்தான் ஜி.பி.எஸ். பெட்டியை விரலால் தட்டினார். "அஞ்சுதான் காட்டுது. ஏழு எங்க மாப்ள?"

"நீவாடு எதுக்க இருக்கு அத்தான்."

நீவாடு என்றால் கடலுக்குள் ஓடும் நீரோட்டம். அது எதிரே இருந்தது உண்மை. நான் சொன்னதில் பொய் இல்லை.

மதியம் சோறும் சீலா மீன் குழம்பும். அத்தான் தொட்டித் தண்ணீரில் குளித்தார், மாலையிலும் ஒரு தடவை. கப்பலில் இருபத்தெட்டு வருஷம் தண்ணீரை அளந்து குளித்தவர். சொந்தப் படகில் ஆசை தீரக் குளிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 20

காலையில் வலப்பக்கம் குளச்சல் பக்கத்து மலைகள் தெரிந்தன. மேற்கே திரும்பியதும் வேகம் நாலுக்கு வந்துவிட்டது. காற்றும் மேற்கிலிருந்தே அடிக்கிறது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். இருக்கிற டீசலுக்கும் மீதி தூரத்துக்கும் எழுபது லிட்டர் இடிக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கடலில் போட்டேன்.

"அத்தான், குளச்சல்ல நொழஞ்சி ஒரு நூறு லிட்டர் போட்டுக்கிடுவமா?"

"எதுக்கு?"

"சும்மா, ஒரு இதுக்கு."

அவர் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ எழுதுனத நீயே நம்ப மாட்டேங்கியே! அந்த நீவாடு எப்பவும் எதுக்கவேவா ஓடும்? மாறும். உள்ள போனா ஒரு நாள் வீணாப் போயிரும்லா."

"அதுவும் சரிதான்" என்றேன். அந்த இரண்டு சொல்லை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. மலைகள் மறையும்வரை பின்பக்கமே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 21

மாத்திரை போட்டார். கஞ்சி, கருவாடு. வேகம் நாலு. காற்று மேற்கே.

ஏப்ரல் 22

இன்று போய்ச் சேர்ந்திருக்கவேண்டிய நாள். நேற்று மாலையே டீசல் இருபது லிட்டர்தான் மிச்சம். தீவைச் சுற்றிப் பாறை. வாய்க்காலுக்குள் நுழைய எஞ்சின் வேண்டும் என்று அதை நிறுத்தி வைத்துவிட்டோம். இன்னும் எண்பத்தைந்து மைல்.

அத்தான் கலங்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எஞ்சின் நின்றதும் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "இதுக்குத்தான மாப்ள பாய் வச்சிருக்கு. ஏத்து!" அவர் வேலை பார்த்ததெல்லாம் எஞ்சின் கப்பல். பாயை ஏற்றி இறக்கிப் பழக்கமில்லை. தாளில் உள்ள படத்தில் பாய் எப்படி இருக்கிறதோ அப்படியே வரும்வரை கயிற்றை இழுத்தோம். வெள்ளையாக, புடைத்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்தப் படம் எடுத்த அன்று காற்றே இல்லை. எஞ்சினை ஓட்டிக்கொண்டு பாயை விரித்தோம். படத்தில் எஞ்சின் சத்தம் கேட்காது.

ஏப்ரல் 23

நாள் முழுக்கப் பாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஓட்டினோம். வடமேற்கே நாலு மணி நேரம், தென்மேற்கே நாலு மணி நேரம். முன்பக்கம் பார்த்தால் நுரை கிழிகிறது, ஓடுவது போலத்தான் இருக்கிறது. ஆனால் படகு முன்னால் போகிற அளவு பக்கவாட்டில் வழுக்குகிறது. அடிப்பாகத்தில் ஆழம் பற்றாது. தூண்டில் படகு கட்டும் அச்சிலேயே இதையும் வார்த்தோம், புது அச்சுக்கு நேரமில்லை என்று.

சாயங்காலம் மேல்தளத்தில் ரத்தம் பார்த்தேன். அத்தானின் வலது கால் பெருவிரலுக்கு அடியில் இரும்பு வளையம் வெட்டியிருக்கிறது. எப்போது வெட்டியது என்று அவருக்கே தெரியவில்லை. அந்தக் காலில் அவருக்கு உணர்ச்சி குறைவு. கழுவி, மருந்து வைத்துக் கட்டினேன்.

"பிலோமிக்கு எழுதாத" என்றார். எழுதுகிறேன்.

மினிக்காய்க்கு இன்னும் தொண்ணூற்று மூன்று மைல். நேற்றைவிட எட்டு அதிகம்.

ஏப்ரல் 24

காலையில் அத்தான் முகம் கழுவப் பம்பை அமுக்கினார். இரண்டு தரம் இருமியது, பிறகு காற்று மட்டும் வந்தது.

"எரநூறு லிட்டர் அஞ்சு நாள்ல எப்படி மாப்ள தீரும்? எங்கயோ ஒழுகுது."

தரைப்பலகையைப் பெயர்த்தார். கட்டுப்போட்ட காலை மடக்கி, வயிற்றைத் தரையில் வைத்து, ஒவ்வொரு குழாய் மூட்டாகத் தடவித் தடவி ஒழுக்குத் தேடினார். இரண்டு மணி நேரம். நான் டார்ச் பிடித்தேன். வியர்வை அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அவருக்கு வியர்க்கக்கூடாது.

ஒழுக்கு இல்லை. வரைபடத்தில் தொட்டி இருநூறு. எஞ்சின் மாடலை மாற்றியபோது இடம் பற்றாமல் தொட்டியைச் சிறியதாக்கினோம். நூற்று முப்பதுதான். தாளை மாற்றவேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததையே மாற்றியதாக எண்ணிக்கொண்டு இருந்துவிட்டேன்.

இதைச் சொல்ல வாய் திறந்தேன். "அத்தான், பேட்டரி வீணாப் போகுது, டார்ச்ச அணைக்கட்டா?" என்றுதான் வந்தது.

மிச்சம்: நாலு லிட்டர் பாட்டில், ஏழு இளநீர். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டோம். இருபது மைலுக்குள் யாராவது இருந்தால்தான் கேட்கும். யாரும் இல்லை.

ஏப்ரல் 25

மாத்திரை போட்டார். சர்க்கரைக்காரர்களுக்குத் தாகம் மற்றவர்களைவிட அதிகம். உதடு வெடித்திருக்கிறது. காலில் வீக்கம் கணுக்கால்வரை ஏறியிருக்கிறது, லேசாக வாடை வருகிறது.

எனக்கு அவ்வளவாகத் தாகம் இல்லை. என் பங்கை அவர் தம்ளரில் சேர்த்து ஊற்றுகிறேன். அவர் கவனிக்கவில்லை.

நூற்றுப் பதினாறு மைல்.

ஏப்ரல் 26

சொல்லிவிட்டேன்.

காலையில் அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே தாளைக் கையில் எடுத்தார். கண் மங்குகிறது போல, முகத்துக்கு அருகில் வைத்து வாசித்தார். "நாப்பத்தஞ்சு டிகிரின்னுதான போட்டிருக்கு. அப்போ நாமதான் எங்கயோ தப்புப் பண்ணுதோம். பாயக் கட்டுனதுல தப்பு. நாளைக்கி இன்னும் இறுக்கிக் கட்டிப் பாப்போம்."

நாளைக்கும் இறுக்கிக் கட்டுவார். நாளை மறுநாளும் கட்டுவார். செத்துப் போகும்வரை தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு கயிறு இழுப்பார். அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

"தப்பு உங்க மேல இல்ல அத்தான். அந்தத் தாளக் கீழ வைங்க."

"என்ன?"

"இது காத்துக்கு எதுக்க ஏறாது. நாங்க பாயில ஓட்டிப் பாத்ததே இல்ல. தொட்டி நூத்து முப்பதுதான். ஏழு மைலும் பொய். ஒரு பக்கந்தான் ஓட்டினேன், தெக்காம. அன்னைக்கி நீவாடும் தெக்காம ஓடிச்சி. திரும்பி வரையில அளக்கல. ரெண்டு பக்கமும் ஓட்டி, கூட்டிப் பாதியா எடுக்கணும். நான் ஒரு பக்கம் வந்ததையே எழுதிட்டேன்."

அவர் தாளை மடியில் கவிழ்த்து வைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு கேட்டார். "குளச்சல்ல நீ கேட்டல்லா. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"முந்தாநேத்து நான் தரையில கெடந்து ஒழுக்குத் தேடையில?"

"தெரியும் அத்தான்."

கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கப்பல்காரராக இருந்தார், அத்தானாக இல்லை. "அப்போ இது எந்தப் பக்கம் ஓடும்? உனக்குத் தெரிஞ்ச உண்மைய மட்டும் சொல்லு."

"காத்தப் பின்னால வச்சிக்கிட்டா ஓடும். கெழக்க திருப்பினா நீவாடும் நமக்குச் சாதகம். வழுக்கி வழுக்கி ரொம்பத் தெக்க எறங்கிட்டோம், கன்னியாகுமரிக்கு எரநூறு மைல் இருக்கும்."

"திருப்பு."

திருப்பினேன். பாய் சடாரென்று அந்தப் பக்கம் போய்ப் புடைத்தது. வழுக்கல் நின்றது. ஐந்து நாளாக முரண்டு பிடித்த படகு சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியது. நாலு, நாலரை. பின்காற்றில் எத்தனை ஓடும் என்று தாளில் ஒரு வரிகூட எழுதவில்லை நான். இது ஒன்றுதான் அதற்கு வரும்போலிருக்கிறது.

ஐந்து நாளைக்கு முன்னால் சொல்லியிருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்போம்.

ஏப்ரல் 27

காற்று குறைந்துவிட்டது. வேகம் இரண்டரை. மிச்ச டீசலைக் கரை தெரியும்போது போடலாம் என்று வைத்திருக்கிறோம். தண்ணீர் ஒரு பாட்டில், இளநீர் ஒன்று. அத்தான் மாத்திரையை மட்டும் கை நீட்டி வாங்கினார். தாளைக் கிழிக்கவும் இல்லை. பழையபடி ஆணியில் மாட்டிவிட்டார்.

எனக்குத் தாகம் இல்லை. எழுத்து கோணுகிறது, படகு ஆடுவதால்.

ஏப்ரல் 28

இதை எழுதுவது ரெமிஜியுஸ்.

கபிரியேல் காலையில் சுக்கான் பக்கத்திலேயே மயங்கி விழுந்துவிட்டான். உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. நாக்கு தடித்துவிட்டது. இளநீரை வெட்டித் துணியில் நனைத்து வாயில் பிழிகிறேன். எனக்கு எழுத வராது. பிலோமி தினமும் எழுதச் சொன்னாள், அதனால் எழுதுகிறேன்.

முந்திய பக்கங்களை வாசித்தேன். இவன் மூன்று நாளாகத் தன் பங்குத் தண்ணீரை எனக்கு ஊற்றியிருக்கிறான். எனக்கு வந்த கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனால் இதை வாசித்ததும் அழுதேன். கண்ணீர் விடக்கூட உடம்பில் தண்ணீர் இல்லை.

ஒன்றை எழுத வேண்டும். படகை ஓட்டிப் பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நவம்பர் மாதம் பதினைந்து. அன்று என் சின்ன மகள் கோவிலில் முதல் தடவை நற்கருணை வாங்கினாள், வீட்டில் புதுநன்மை விருந்து. பன்னிரண்டு மணிக்கு நான்தான் போன் பண்ணினேன். "எங்க மாப்ள இருக்க, சோறு ஆறுது, எல்லாத்தையும் விட்டுட்டு வா" என்றேன். இவன் விட்டுவிட்டு வந்தான். திரும்பும்போது அளக்காததற்குக் காரணம் என் வீட்டுச் சோறு. அதை இவன் என்னிடம் சொல்லவில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை. முந்நூறு பேர் சாப்பிட்டுப் போன வீட்டில் ஒரு ஆள் தாமதமாக வந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்.

வேகம் மூன்று. கால் வலிக்கவில்லை. அதுதான் பயம்.

மாத்திரை போட்டேன்.

அதே நாள், மதியம்

படகு. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகு, சூரை மீன் பிடிக்க வந்தவர்கள். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன், கேட்டுவிட்டது. தண்ணீர் தந்தார்கள். "மெதுவாக் குடியும், ஒரேயடியாக் குடிக்காதயும்" என்று ஒருத்தர் கபிரியேலை மடியில் போட்டுக் கொடுத்தார். குடிக்கிறான். கண் திறந்தான். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். வெட்கம்.

கட்டி இழுத்துப் போகிறார்கள்.

மே 6, நாகர்கோவில்

நான் கபிரியேல். எனக்கு மூன்று நாளில் சரியாகிவிட்டது. அத்தானுக்கு வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் பாதம் போயிருக்கும் என்றார் டாக்டர்.

நோட்டை அக்கா படித்துவிட்டாள். திருப்பிக் கொடுக்கும்போது என் கையில் கொடுக்கவில்லை, கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 2

பட்டறைக்குப் போனேன். முதலாளி புதுத் தாள் கேட்டார். "நடுக்கடலில் பத்து நாள் தாக்குப்பிடித்த படகு" என்று கொட்டை எழுத்தில் போடவேண்டுமாம். அதுவும் உண்மைதான். எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய தாளை வாங்கிப் போயிருந்த மூன்று பேருக்குக் கடிதம் எழுதினேன். தொட்டியின் அளவை முதல் வரியில் போட்டேன்.

ஆகஸ்ட் 15

மாதா பரலோகம் போன திருநாள். கோவிலில் அக்காவைத் தூரத்தில் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அத்தான் கம்பு ஊன்றி நின்றார்.

நவம்பர் 15, தூத்துக்குடி

காலையில் அத்தான் போன் செய்தார். ஆறு மாதத்தில் முதல் தடவை. "மாப்ள, இன்னைக்கித் தேதி என்ன? துறைக்கு வா." 

வெள்ளாப்பு அதே இடத்தில் கட்டியிருந்தது. அத்தான் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். வலது காலில் தோல் செருப்பு, முன்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்தது. தாள் அதே ஆணியில். புதுசாக ஒரு பேனாவும் நூலில் தொங்கியது. பக்கத்தில் தண்ணீர் கேன் இரண்டு.

துறைமுக மிதவையிலிருந்து தெற்கே ஐந்து மைல் ஓட்டினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே காற்று, அதே நீவாடு. மணிக்கு ஏழு மைல். அன்று வந்த அதே ஏழு.

"பாரு, பொய் சொல்லல நீ" என்றார். கேலியா, இல்லையா என்று தெரியவில்லை. 

எஞ்சினைத் தணித்தேன். அப்போது அவருடைய போன் அடித்தது. அக்காவின் குரல் எனக்கே கேட்டது. "எங்க இருக்கிய? மணி பன்னெண்டாச்சி, சோறு ஆறுது. அவனையும் கூட்டிட்டு வாங்க."

ஆறு மாதமாக அக்கா என்னை அவன் என்றுகூடச் சொன்னதில்லை. நான் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அத்தான் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆறட்டும் பிலோமி" என்றார். "இன்னும் ஒரு பக்கம் ஓட்டணும்."

படகை வடக்கே திருப்பினேன்.